புயலுக்குப் பின் பறவை பார்த்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு புயலும் கரையைக் கடந்த பிறகு, புதிதாகப் பறவை பார்க்கத் தொடங்கியவர்களும் பல ஆண்டுகளாகப் பார்த்து வருபவர்களும் ஏறத்தாழ ஒரே ஐயங்களை என்னிடம் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட சொற்களிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன. பின்னால் உள்ள விடைகள் முன்னால் உள்ளவற்றைச் சார்ந்திருப்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

புயலுக்குப் பிறகு பறவை பார்ப்பதில் அப்படி என்ன சிறப்பு?

மற்ற நாட்களில் காண முடியாத இரண்டு நிகழ்வுகள் அப்போது சேர்ந்து நடக்கின்றன. வாழ்நாளின் பெரும்பகுதியைக் கரையே காணாமல் நடுக்கடலில் கழிக்கும் பெட்ரல், ஷியர்வாட்டர், கருமுதுகு ஆலா போன்ற பறவைகள் காற்றால் தள்ளப்பட்டுக் கரைக்கும், சில வேளைகளில் உள்நாட்டு ஏரிகளுக்கும் வந்து சேர்கின்றன. அதே நாட்களில், அன்றாடம் பார்த்துப் பழகிய தேன்சிட்டும் பச்சைப்புறாவும் வழக்கமான மரங்களிலிருந்து மறைந்துவிடுகின்றன.

பெரும்பாலோர் முதலாவதைத் தேடித்தான் புறப்படுகிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் இரண்டாவதையும் அதே அக்கறையுடன் குறித்துக்கொள்ள வேண்டும் என்று நான் விடாமல் சொல்லி வருகிறேன். புதிதாக வந்தது எது என்பதை எவரும் கவனித்துவிடுவார்கள்; காணாமல் போனது எது என்பதை, அந்த இடத்தைப் புயலுக்கு முன்பே நன்கு அறிந்தவர் மட்டுமே சொல்ல முடியும்.

மழை விட்டவுடனே கிளம்பிவிடலாமா?

கூடாது. புயலின் கண், அதாவது அதன் அமைதியான நடுப்பகுதி, ஓர் இடத்தைக் கடக்கும்போது காற்று திடீரென்று அடங்கி வானம்கூடத் தெளியலாம். சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று மீண்டும் வீசும். வானிலைத் துறை எச்சரிக்கையை விலக்கிக்கொள்ளும் வரை வீட்டிலேயே இருங்கள். அதன் பிறகும் அறுந்து கிடக்கும் மின்கம்பிகள், பாதி முறிந்து தொங்கும் கிளைகள், அரிக்கப்பட்ட ஏரிக்கரைகள், ஆழம் தெரியாத தேங்கிய நீர் ஆகியவை பல நாட்கள் ஆபத்தாகவே இருக்கும். மீட்புப் பணி நடக்கும் சாலையில் நம் வண்டியை நிறுத்திவிட்டுத் தொலைநோக்கியை எடுப்பது முறையல்ல.

கடற்கரை, ஏரி, வயல், காடு எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் போக முடியாதே, எங்கே தொடங்குவது?

எது விரைவில் கலைந்துபோகுமோ அங்கே தொடங்குங்கள். உள்நாட்டு ஏரிகளிலும் அணைநீர்த் தேக்கங்களிலும் வந்து விழுந்த கடற்பறவைகள் மிகக் குறைந்த நேரமே தங்குகின்றன. வலுவுள்ளவை காற்று தணிந்த சில மணி நேரத்திலேயே கடலை நோக்கித் திரும்பிவிடும். ஆகவே பாதுகாப்பான முதல் விடியற்காலையைப் பெரிய நீர்ப்பரப்புக்குக் கொடுங்கள். கரையோரத்தைவிட நடுநீரையும் நீர்மட்டத்தை ஒட்டிய வெளியையும் பொறுமையாகத் துழாவ வேண்டும். மிதக்கும் கட்டையில் அமர்ந்திருக்கும் ஆலாவைக் கரையில் நிற்பவர் எளிதில் தவறவிடுவார்.

அடுத்தது கடற்கரையும் கழிமுகமும். துறைமுகத் தடுப்புச் சுவரின் காற்று மறைவுப் பக்கம், ஆற்று முகத்தின் அமைதியான வளைவு போன்ற இடங்களில் களைத்த பறவைகள் ஒதுங்கும். வெள்ளம் சூழ்ந்த வயல்கள் பல நாட்கள், சில வேளைகளில் வாரக்கணக்கில் அப்படியே இருக்கும் என்பதால் அவற்றுக்கு அவசரம் இல்லை. காட்டுக்குக் கடைசியாகப் போகலாம், ஆனால் அங்கேதான் நெடுநாள் திரும்பத் திரும்பப் போக வேண்டியிருக்கும்.

நடுக்கடல் பறவை இத்தனை தூரம் உள்ளே எப்படி வருகிறது? புயலின் கண்ணில் மாட்டிக்கொள்ளும் என்கிறார்களே, உண்மையா?

இரண்டு வழிகள் உண்டு. முதலாவது எளியது: பறக்கும் வேகத்தைவிடக் காற்றின் வேகம் மிகும்போது பறவை எதிர்த்து நிற்க முடியாமல் காற்றோடு அடித்துச் செல்லப்படுகிறது. இரண்டாவது நீங்கள் கேட்டது. கண்ணைச் சூழ்ந்த சுவரில்தான் காற்று மிகக் கடுமையாக இருக்கிறது. அதன் நடுவிலோ ஓரளவு அமைதி நிலவுகிறது. உள்ளே நுழைந்துவிட்ட பறவை மீண்டும் அந்தச் சுவரைக் கடக்க முயலாமல் கண்ணுடனேயே நகர்கிறது. புயல் நிலத்தின் மேல் வந்து வலுவிழந்து கண் கலையும் இடத்தில், அது கடலிலிருந்து வெகு தொலைவில் விடப்படுகிறது. வானிலை ரேடார் படங்களில் புயலின் கண்ணுக்குள் பறவைக் கூட்டங்கள் பதிவாகியிருக்கின்றன.

எல்லாக் கடற்பறவைகளும் காற்றின் கையில் சிக்கிய சருகு போன்றவை என்று இதிலிருந்து நினைத்துவிடக் கூடாது. ஜப்பானில் கூடு கட்டும் கோடிட்ட ஷியர்வாட்டர்களின் மேல் ஜிபிஎஸ் கருவி பொருத்தி 11 ஆண்டுகள் திரட்டிய தரவு 2022இல் வெளியானது. நிலத்துக்கும் வலுவான புயலுக்கும் இடையே அகப்பட்டபோது அவற்றில் சில, விலகி ஓடாமல் புயலின் கண்ணை நோக்கியே பறந்து, அதிலிருந்து 30 கிலோமீட்டருக்குள் சென்றன. நிலத்தின் மேல் தூக்கி எறியப்படுவதைத் தவிர்க்கவே அவை இப்படிச் செய்வதாக ஆய்வாளர்கள் கருதினார்கள். நடுக்கடல் பறவைக்குப் பெரிய ஆபத்து காற்றைவிடக் கரைதான் என்பதை இதைவிடத் தெளிவாக நான் வேறெங்கும் கண்டதில்லை.

அட்லாண்டிக் கடலில் மதீரா தீவுகளை ஒட்டிய புகியோ தீவில் மட்டுமே கூடு கட்டும் டெசர்டாஸ் பெட்ரல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அட்லாண்டிக் சூறாவளிகள் கடந்து சென்ற தடத்தை இப்பறவைகளில் சில நாட்கணக்கில் பின்தொடர்கின்றன. புயல் கடலைக் கலக்கி அடிநீரை மேலே கொண்டுவருவதால், ஆழத்தில் இருக்கும் சிறு மீன்களும் கணவாய்களும் அவற்றுக்கு எட்டும் தொலைவுக்கு வருகின்றன என்பதே இதற்குக் கூறப்படும் விளக்கம்.

புயல் போன பாதைக்கு எந்தப் பக்கம் நின்றால் அதிகம் பார்க்கலாம்?

நிலநடுக்கோட்டுக்கு வடக்கே புயற்காற்று இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், சுழல்கிறது. ஆகவே புயல் முன்னேறும் திசையைப் பார்த்து நின்றால், வலப்பக்கத்தில் சுழற்சியின் வேகத்துடன் புயல் நகரும் வேகமும் சேர்ந்துகொள்கிறது. கரையைக் கடக்கும்போது அந்தப் பக்கத்தில்தான் காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசுகிறது. கடற்பறவைகள் அங்கே கூடுதலாகத் தள்ளப்படுவது இயல்பு. தெற்கு அரைக்கோளத்தில் இது இடப்பக்கமாக மாறும். கண் கலைந்த இடத்தை ஒட்டிய பெரிய ஏரிகளையும் இதனுடன் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் தேங்கிய வயலில் திடீரென்று இத்தனை உள்ளான்கள் எங்கிருந்து வந்தன?

பெரும்பாலும் அருகிலிருந்துதான். உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் அலை வற்றும்போது வெளிப்படும் சேற்றுப் பரப்பில் இரை தேடுபவை. புயல் நீரெழுச்சி அந்தச் சேற்றை மூடிவிட்டால், அவற்றுக்குக் கால் நனையும் அளவு ஆழமுள்ள வேறு இடம் வேண்டும். வெள்ளம் வடியத் தொடங்கிய வயலும் விளையாட்டுத் திடலும் அப்போது சேற்றுப் பரப்பாகின்றன. மண்ணிலிருந்து வெளியேறிய புழுக்களும் பூச்சிகளும் அங்கே நிறைந்திருக்கும். நீரின் ஆழம் குறையக் குறையப் பறவைகளின் வகையும் மாறும்: முதலில் நீண்ட கால்களையுடைய பவளக்கால் உள்ளானும் கொக்கும், பின்னர் சிறு உள்ளான்கள், நிலம் காயத் தொடங்கியதும் உப்புக்கொத்தியும் வாலாட்டியும். ஒரே வயலை ஒரு வாரம் தொடர்ந்து பார்த்தால் இது கண்முன்னே நடக்கும்.

வலசை காலமாக இருந்தால், வெகு தொலைவிலிருந்து வந்து பயணத்தின் நடுவே இறங்கியவையும் அவற்றில் இருக்கலாம். செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்டு ஹோப் என்று பெயரிடப்பட்ட சின்னக் கோட்டான் (ஆந்தை அல்ல, விம்பிரல் என்ற கரைப்பறவை) ஒன்று 2011 ஆகஸ்டில் கெர்ட் என்ற வெப்பமண்டலப் புயலுக்குள் புகுந்து உயிருடன் வெளிவந்தது. அதே ஆண்டு கருவி பொருத்தப்பட்ட வேறு இரண்டு சின்னக் கோட்டான்கள், புயல்களை எதிர்கொண்ட பின் கரிபியனிலுள்ள குவாதலூப் தீவில் இறங்கியபோது வேட்டையாடிகளால் சுடப்பட்டன. புயலைத் தாண்டி வந்த பறவைக்கு இறங்கும் இடம் எத்தனை முக்கியம் என்பதை அந்த இரண்டு மரணங்களும் எனக்கு உணர்த்தின. வயலில் அவை மேயும்போது நாய்களை அவிழ்த்துவிடாமல் இருப்பதும், படத்துக்காக நெருங்கிச் சென்று கூட்டத்தைக் கிளப்பாமல் இருப்பதும் நம்மால் செய்ய முடிந்தவை.

காட்டுக்குப் போனேன், ஒரே அமைதி. எல்லாம் செத்துப் போயிருக்குமா?

சில இறந்திருக்கும். ஆனால் காட்டுப் பறவைகளுக்குப் பெரிய இழப்பு பெரும்பாலும் காற்றடித்த அன்று நேர்வதில்லை, அதற்குப் பின்வரும் வாரங்களில் நேர்கிறது. புயல் முதலில் பூவையும் பழத்தையும் இலையையும் பறித்துவிடுகிறது. ஆகவே தேனையும் பழத்தையும் நம்பியிருக்கும் பறவைகள் முதலில் பாதிக்கப்படுகின்றன. அவை உணவு தேடிக் காட்டின் விளிம்புக்கும், புயல் தொடாத பள்ளத்தாக்குகளுக்கும், வீட்டுத் தோட்டங்களுக்கும் போய்விடுகின்றன. விழுந்த மரங்களிலும் சருகிலும் பூச்சி பொறுக்கும் பறவைகள் ஓரளவு தாக்குப்பிடிக்கின்றன. நீங்கள் கேட்ட அமைதி மரணத்தின் அமைதியாக இல்லாமல் இடப்பெயர்ச்சியாகவும் இருக்கலாம். அதனால்தான் காட்டுடன் சேர்த்து அதை ஒட்டிய தோட்டங்களையும் பார்க்கச் சொல்கிறேன்.

பொந்தில் கூடு கட்டும் பறவைகளின் நிலை வேறு. 1989 செப்டம்பரில் ஹூகோ சூறாவளி அமெரிக்காவின் தெற்குக் கரோலைனாவிலுள்ள பிரான்சிஸ் மேரியன் தேசியக் காட்டைத் தாக்கியது. உயிருள்ள பைன் மரங்களில் மட்டும் பொந்து குடையும் செங்கொண்டை மரங்கொத்தி அங்கே பெருமளவில் வாழ்ந்து வந்தது. ஓர் இரவில் அதன் பொந்து மரங்களில் ஏறத்தாழ 87 விழுக்காடு சாய்ந்தன. பறவைகளில் ஏறத்தாழ 63 விழுக்காடு மறைந்தன. இந்த மரங்கொத்தி ஒரு பொந்தைக் குடைந்து முடிக்கப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், தப்பியவையும் தங்க இடமின்றி அழிந்துபோகும் நிலையில் இருந்தன. காட்டுத் துறையினர் நிற்கும் மரங்களில் செயற்கைப் பொந்துகளைப் பதித்ததால்தான் அந்தக் கூட்டம் மீண்டது. அதே ஹூகோ, புவேர்ட்டோ ரிக்கோவின் காட்டில் எஞ்சியிருந்த ஏறத்தாழ 47 புவேர்ட்டோ ரிக்கோ கிளிகளைப் பாதியாகக் குறைத்தது.

ஆனால் எனக்கு முன்பைவிட அதிகப் பறவைகள் தெரிந்தனவே, அது எப்படி?

இது மிக நல்ல கேள்வி. இதில் ஏமாறாதவர் குறைவு, நானும் ஏமாந்திருக்கிறேன். முதல் காரணம், இலை உதிர்ந்த காட்டில் பார்வை தடையின்றிச் செல்கிறது. முன்பு குரலால் மட்டும் அறிந்த பறவை இப்போது வெறும் கிளையில் தெரிகிறது. இரண்டாவது, மர உச்சியில் வாழ்ந்தவை உச்சி முறிந்ததால் நம் கண் மட்டத்துக்கு இறங்கியிருக்கின்றன. மூன்றாவது, உணவு குறைந்ததால் அவை நாள் முழுவதும் அலைகின்றன. உண்டு முடித்து நிழலில் ஒளிந்திருக்கும் நேரம் அவற்றுக்கு இல்லை.

ஆகவே எண்ணிக்கை கூடியது என்று முடிவு கட்டுவதற்கு முன், கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் தனித்தனியாக எழுதிப் பாருங்கள். கண்டவை கூடியும் பாடல்கள் குறைந்தும் இருந்தால், மாறியது பறவைகளின் எண்ணிக்கை அல்ல, அவை கண்ணில் படும் வாய்ப்பே என்று கொள்வது பொருத்தம்.

புல்வெளியில் பார்க்க ஏதாவது இருக்குமா?

உண்டு. தரையில் கூடு கட்டும் வானம்பாடிகளின் முட்டைகள் வெள்ளத்தில் போயிருக்கும். பருவம் மிச்சமிருந்தால் அவை மீண்டும் கூடு கட்ட முயலும். மழைக்குப் பின் ஈசல் கிளம்பும் மாலையில் தகைவிலான்களும் உழவாரன்களும் பஞ்சுருட்டான்களும் திரளாக வரும். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே போகலாம்.

புயல் வருவது பறவைகளுக்கு முன்பே தெரியுமாமே?

காற்றழுத்தம் குறைவதை அவை உணர்கின்றன என்பதற்கு நல்ல சான்றுகள் இருக்கின்றன. அழுத்தம் இறங்கும்போது சிறு பறவைகள் இரை தேடலை முன்கூட்டியே தீவிரமாக்குகின்றன. புயலுக்கு முந்தைய நாள் உணவிடங்களில் காணும் பரபரப்புக்கு இது ஒரு காரணம்.

இதைவிட வியப்பான நிகழ்வு 2014 ஏப்ரலில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் பதிவானது. தென் அமெரிக்காவிலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்திருந்த பொன்சிறகுக் கதிர்க்குருவிகள் சில, கடுமையான சூறைப்புயல்கள் தாக்குவதற்கு ஒரு நாளுக்கும் மேல் முன்னதாகவே இடத்தை விட்டு வெளியேறி, ஐந்து நாட்களில் 1,500 கிலோமீட்டருக்கு மேல் சுற்றித் திரும்பி வந்தன. அவை புறப்பட்டபோது அங்கே அழுத்தமோ காற்றோ மாறியிருக்கவில்லை. தொலைவிலிருந்த புயல் எழுப்பிய, மனிதக் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியை அவை கேட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

மணலில் ஒரு கடற்பறவை எழாமல் உட்கார்ந்தே இருக்கிறது. கால் உடைந்துவிட்டதா? தூக்கிக் கடலில் விட்டுவிடலாமா?

கால் உடைந்திருக்க வேண்டும் என்பதில்லை. பெட்ரல், ஷியர்வாட்டர் ஆகியவற்றின் கால்கள் உடலின் பின்பகுதியில், நீந்துவதற்கேற்ற முறையில் அமைந்தவை. நலமான பறவைகூடத் தரையில் நிமிர்ந்து நடக்க முடியாமல் வயிற்றில் அமர்ந்தபடிதான் இருக்கும். கடலில் விடுவது பெரும்பாலும் அதற்குக் கேடாகவே முடிகிறது. கரைக்கு ஒதுங்கியது என்றாலே அதன் உடற்கொழுப்பு தீர்ந்து, இறகின் நீர்த்தடுப்பும் கெட்டிருக்கக்கூடும். அலையில் போட்டால் நனைந்து குளிர்ந்து இறந்துவிடும். மேலே தூக்கி எறிந்து பறக்க வைக்க முயல்வதும் தவறு.

கையுறை அணிந்து, துணியால் மெதுவாகப் போர்த்தி, காற்றுத் துளைகள் இட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாகவும் அமைதியாகவும் வையுங்கள். வாயைத் திறந்து நீரோ உணவோ ஊட்டாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். உடனே வனத்துறைக்கோ பறவைகளைக் கையாளும் கால்நடை மருத்துவருக்கோ தெரிவியுங்கள். கொக்கு, நாரை, ஆலா போன்ற கூரிய அலகுள்ளவை முகத்தை நோக்கிக் குத்தும் என்பதால் அவற்றை உங்கள் கண்ணிலிருந்து எட்டப் பிடியுங்கள்.

இறந்து ஒதுங்கிய பறவைகளை என்ன செய்வது?

பறவைக் காய்ச்சல் வைரஸான எச்5என்1 காட்டுப் பறவைகளிடையே பல கண்டங்களில் பரவியிருப்பதால் வெறுங்கையால் தொடாதீர்கள். ஒரே இடத்தில் பல இறந்து கிடந்தால் புயல்தான் காரணம் என்று கொள்ளாமல் கால்நடைத் துறைக்குத் தகவல் கொடுங்கள். படம் எடுத்து, இடத்தைக் குறித்து, காலில் ஆய்வாளர்கள் இட்ட எண் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வளைய எண் எவ்வளவு சொல்லும் என்பதற்கு 2023 ஆகஸ்டில் வந்த இடாலியா சூறாவளி நல்ல சான்று. அதன்பின் அமெரிக்காவின் பல மாநிலங்களில், கடலையே காணாத ஒகையோ வரை, பூநாரைகள் இறங்கின. அவற்றிடையே இருந்த வளையமிட்ட பறவை, அவை மெக்சிகோவின் யுகடான் தீபகற்பப் பக்கமிருந்து வந்திருக்க வேண்டும் என்ற கருத்துக்கு வலுச் சேர்த்தது.

பார்த்தேன், ஆனால் கையேட்டுப் படத்தைப் போலவே இல்லை. எப்படி அடையாளம் காண்பது?

நனைந்த இறகு கருமையாகத் தெரியும், முறிந்த வால் இறகு பறவையின் வடிவத்தையே மாற்றிவிடும், தனியாக இருக்கும் பறவையின் உருவளவை ஒப்பிட அருகில் வேறெதுவும் இருக்காது. எனவே நிறத்தையும் அளவையும் முதலில் நம்பாதீர்கள். பறக்கும் முறை, இறக்கையின் அகலத்துக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதம், அலகின் அமைப்பு ஆகியவை எளிதில் மாறுவதில்லை. முதலில் படங்கள் எடுங்கள், கண்டதை அங்கேயே எழுதுங்கள், பெயரைப் பிறகு தேடுங்கள். புயலுக்குப் பின் அரியவை வரும் என்ற எதிர்பார்ப்பு கண்ணை எளிதில் ஏமாற்றும். ஐயம் தீராவிட்டால் ‘ஆலா வகை’ என்று நிறுத்திக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை.

அரிய பறவை கிடைத்தால் உடனே எல்லோருக்கும் சொல்லலாமா?

அது எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஏரி நடுவில் பறந்துகொண்டிருக்கும் ஆலாவைப் பலர் தொலைவிலிருந்து பார்ப்பதால் அதற்குக் கேடில்லை. கரையில் ஓய்வெடுக்கும் பறவை என்றால், அது கிளம்பிச் சென்ற பிறகு சொல்லுங்கள். ஒவ்வொரு முறை விரட்டப்படும்போதும் அது செலவழிக்கும் ஆற்றல், திரும்பிச் செல்வதற்கென எஞ்சியிருந்த ஆற்றல்தான்.

பல இடங்களுக்குப் போகிறேன், பட்டியலை எப்படி எழுதுவது?

ஒவ்வொரு வாழிடத்துக்கும் தனிப் பட்டியல் வேண்டும். ஏரியையும் வயலையும் காட்டையும் ஒரே பட்டியலில் கலந்துவிட்டால், எந்தப் பறவை எங்கே ஒதுங்கியது என்ற செய்தியே அழிந்துவிடும். தொடங்கிய நேரம், நின்ற நேரம், நடந்த தொலைவு ஆகியவற்றுடன், நீரின் ஆழத்தையும் மரங்களில் இலை எவ்வளவு எஞ்சியது என்பதையும் குறியுங்கள். ஒரே கூட்டம் வயலுக்கும் ஏரிக்கும் மாறி மாறிப் போவதாகத் தோன்றினால் அதையும் குறிப்பாக எழுதுங்கள். எண்ணிக்கையை நீங்களாகக் கழிக்க வேண்டாம்.

பறவைப் பதிவுகளைத் திரட்டும் இபேர்ட் போன்ற இணையதளங்களில், கண்ட எல்லா வகைகளையும் பதிந்த முழுப் பட்டியல் என்று குறிப்பிட்டால், பட்டியலில் இல்லாத பறவையும் ஒரு தரவாகிறது. வழக்கமாக 20 தேன்சிட்டுகள் இருக்கும் தோட்டத்தில் ஒன்றுகூட இல்லை என்ற பதிவை, புயல் கொண்டுவந்த ஒரு பெட்ரலின் பதிவுக்குக் குறையாத மதிப்புடையதாகவே நான் கருதுகிறேன்.

இப்படி எத்தனை நாள் தொடர்ந்து பார்க்க வேண்டும்?

முதல் வாரத்தில் முடிந்தவரை நாள்தோறும், பிறகு ஆறு மாதம் வரை வாரம் ஒரு முறை, அதன்பின் அடுத்த இனப்பெருக்கக் காலத்தில் ஒருமுறை என்பது நான் பின்பற்றும் கணக்கு. அவசரப்பட்டு எழுதிய முடிவுகள் பொய்த்துப்போனதை நாம் பார்த்திருக்கிறோம். 2017 செப்டம்பரில் இர்மா சூறாவளி கரிபியனிலுள்ள பார்புடா தீவை ஏறத்தாழ முழுவதுமாகச் சிதைத்து, மக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டபோது, உலகில் அந்தத் தீவில் மட்டுமே வாழும் பார்புடா கதிர்க்குருவி அழிந்திருக்கும் என்ற அச்சம் எழுந்தது. அங்குள்ள உப்பங்கழியில் ஆயிரக்கணக்கில் கூடு கட்டியிருந்த ஃபிரிகேட் என்ற பெரிய கடற்பறவைகளும் காணாமல் போயிருந்தன. சில வாரங்களுக்குள் தேடிச் சென்றவர்கள், இலையுதிர்ந்த புதர்களுக்கிடையே அந்தச் சிறு குருவியை உயிருடன் கண்டார்கள். ஃபிரிகேட் பறவைகளும் முறிந்து கிடந்த அலையாத்தி மரங்களுக்குத் திரும்பத் தொடங்கியிருந்தன.